கால் எலும்பு முறிவுக்கு நட்டஈடு எவ்வாறு கணிக்கப்படுகிறது? வான் உரிமையாளர் தரும் தொகையை ஏற்கலாமா?

மருதனார்மடத்தான் கேட்டது:

என் அத்தானுக்கு 41 வயது. மேசன் வேலை செய்பவர். ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன், காலையில் துவிச்சக்கர வண்டியில் காங்கேசன்துறை வீதியால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒழுங்கையொன்றிலிருந்து நின்று பாராமல் வீதிக்கு ஏறிய வான் அவரை மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. 1990 என்ற அவசர அழைப்பு இலக்கத்து அம்புலன்ஸ் வந்து அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது. அங்கே பெரிய எலும்புக்குள் கம்பி செலுத்திச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வைத்தியர்களும் தாதியர்களும் மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இப்போது ஊன்றுகோல்களின் துணையோடு வீட்டுக்குள் நடமாடுகிறார்.

அவருடைய நாட்கூலி 4,000 ரூபாய். மாதத்தில் 22 நாட்கள் அளவில் வேலை கிடைக்கும். அக்காவும் மூன்று பிள்ளைகளும் அந்த உழைப்பை நம்பியே இருக்கிறார்கள். வான் உரிமையாளர் கடந்த கிழமை வீட்டுக்கு வந்து, 175,000 ரூபாய் தருவதாகவும், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு கடிதத்தில் அத்தான் கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார். கைமுறிவுக்கு இவ்வளவு, கால்முறிவுக்கு இவ்வளவு என்று அரசாங்கத்தின் அட்டவணை இருப்பதாக அயலில் ஒருவர் சொல்கிறார். அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதே நல்லது என்கிறார் இன்னொருவர். இது உண்மையில் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சட்டத்தரணி, யாழ்ப்பாணம் எழுதியது:

முதலில், அந்தக் கடிதத்தில் இப்போது கையொப்பமிட வேண்டாம் என்று உங்கள் அத்தானிடம் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

வீதி விபத்தில் ஏற்படும் எலும்பு முறிவுக்கு இவ்வளவு ரூபாய் என்று எலும்பின் பெயரை வைத்துத் தொகை குறிக்கும் அட்டவணை எதுவும் இலங்கையில் இல்லை. நம் நாட்டில் இத்தகைய கோரிக்கைகள் உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த தீங்கியல் கோட்பாடுகளின்படி மாவட்ட நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. மற்றவருடைய கவனயீனத்தால் காயமடைந்தவர், அந்தக் காயத்தால் தமக்கு ஏற்பட்ட பணஇழப்பை முழுமையாகவும், வலி, வேதனை, வாழ்க்கை வசதிகளின் இழப்பு ஆகியவற்றுக்கு நியாயமான ஒரு தொகையையும் கேட்கலாம் என்பதே அந்தக் கோட்பாடுகளின் சாரம். ஆகவே, எந்த எலும்பு முறிந்தது என்பதைக் காட்டிலும், அந்த முறிவு இந்த மனிதரின் உழைப்பையும் நடமாட்டத்தையும் என்ன செய்தது என்பதே கணக்கின் மையம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி முறிந்த கால் எழுதுவினைஞர் ஒருவருக்கு ஒரு தொகையையும், சாரத்தில் ஏறி நின்று கல் அடுக்கும் மேசன் ஒருவருக்கு வேறொரு தொகையையும் பெற்றுத்தரலாம். அது அநீதியன்று, இழப்பே வேறுபடுகிறது.

உங்கள் அத்தானின் கணக்கையே எடுத்துப் பாருங்கள். நாளுக்கு 4,000 ரூபாய், மாதத்துக்கு 22 நாட்கள் என்றால் மாத வருமானம் 88,000 ரூபாய். கடந்த மூன்று மாதங்களில் மட்டும் 264,000 ரூபாய் இழந்திருக்கிறார். உரிமையாளர் தர முன்வரும் தொகை இதுவரை இழந்த கூலிக்கே போதாது. வலிக்கும், இனி இழக்கப்போகும் கூலிக்கும், வருங்காலச் சிகிச்சைக்கும் அதில் ஒரு சதமும் இல்லை.

அடுத்தது வருங்கால வருமானம். கோரிக்கையின் பெரும் பகுதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். கால் பொருந்திய பின்னும் அவரால் முழு மேசன் வேலை செய்ய முடியாமல், நாளுக்கு 3,000 ரூபாய் கிடைக்கும் இலகுவான வேலைக்கே போக முடிகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 22,000, ஆண்டுக்கு 264,000 ரூபாய் குறைகிறது. 60 வயது வரை உழைப்பார் என்றால் 19 ஆண்டுகளுக்கு 5,016,000 ரூபாய். நீதிமன்றம் இந்தத் தொகையை அப்படியே வழங்கிவிடாது. 19 ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம் ஒரே தடவையில் கைக்கு வருவதையும், விபத்து நேராதிருந்தாலும் நோயாலோ வேலையின்மையாலோ வருமானம் தடைப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் கருத்திற்கொண்டு குறைக்கும். எவ்வளவு குறைப்பது என்பது நீதிபதியின் தற்றுணிபுக்குரியது. ஆயினும், கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டும்.

இந்தியாவில் ஆண்டு வருமான இழப்பை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கி இழப்பீட்டைக் கணிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஒழுங்குபடுத்தியது. 41 முதல் 45 வயது வரையிலானோருக்கு அங்கே பெருக்கெண் 14. தமிழில் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அந்த விளக்கங்களே முன்னால் வந்து நிற்கும். அவை அந்த நாட்டின் தீர்ப்பாயங்களுக்கு உரியவை. அவற்றைக் கொண்டு யாழ்ப்பாணத்து வழக்கொன்றின் முடிவை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது கடிதத்தைப் பற்றி. ஒரு விபத்தால் விளைந்த இழப்பு முழுவதையும் ஒரே வழக்கிலேயே கேட்க வேண்டும். இன்று ஒரு பகுதியை வாங்கிவிட்டு, கால் கோணலாகப் பொருந்திய பிறகு மீண்டும் போய்க் கேட்க முடியாது. முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என்று எழுதிய கடிதமும் அவ்வாறே கதவை மூடிவிடும். மூன்றாம் மாதத்தில் காலின் முடிவு யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை விற்கும்படி கேட்கிறார்கள். உரிமையாளர் நல்ல மனத்தோடு உதவ விரும்பினால், இடைக்கால உதவியாக இவ்வளவு தொகை பெறப்பட்டது, இறுதி நட்டஈட்டில் இது கழிக்கப்படும் என்று மட்டும் எழுதி வாங்குவதில் தவறில்லை.

ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். காலின் நிலை தெளிவாகும்வரை பொறுப்பதும், அந்த இரண்டு ஆண்டுகளைத் தவறவிடாதிருப்பதும் ஒருங்கே கவனிக்கப்பட வேண்டியவை. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து உரிமையை இழந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராக நடத்தும் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. முன்னதற்காகப் பின்னதன் காலம் நின்று காத்திருக்காது.

ஓய்வுபெற்ற இயன்மருத்துவர் எழுதியது:

சட்டத்தரணி சொன்னதன் மருத்துவப் பக்கத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன், ஏனெனில் கணக்கின் ஒவ்வோர் எண்ணும் இறுதியில் மருத்துவச் சான்றிலேயே தங்கியிருக்கிறது.

கம்பி செலுத்தப்பட்ட அந்தப் பெரிய எலும்பான கணைக்கால் எலும்பின் முன்புறம் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே தசைப் போர்வை இல்லை. அதன் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மணிக்கட்டு முறிவு ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் பொருந்துகையில், இந்த எலும்புக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்கள் வேண்டியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் நீளலாம். தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரிந்த முறிவாக இருந்தால் கிருமித்தொற்று எலும்புக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. மூன்றாம் மாதத்து எக்ஸ்றேயை வைத்துக்கொண்டு யாராவது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால், நிரந்தர இயலாமையைப் பற்றிய முடிவாக அதை ஏற்காதீர்கள்.

உங்கள் அத்தானைப் பொறுத்தவரை இன்னொன்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கம்பி முழங்காலின் முன்புறத்தால்தான் செலுத்தப்படுகிறது. எலும்பு நன்றாகப் பொருந்திய பின்னும் முழங்காலின் முன்பக்க வலி தொடர்வது இந்தச் சிகிச்சைக்குப் பின் மிகப் பரவலாகக் காணப்படும் சிக்கல். முழந்தாளிடும்போதும் குந்தியிருக்கும்போதும் அது கூடும். மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு அது சிறு தொல்லை. நிலத்துக்கு மாபிள் பதிப்பவருக்கும் அத்திவாரம் கட்டுபவருக்கும் அதுவே தொழிலின் முடிவாகலாம். ஆகவே கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும், குந்த முடிகிறதா, ஏணியில் ஏற முடிகிறதா, சீமெந்துப் பை தூக்க முடிகிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லி, அது குறிக்கப்படுவதை உறுதிசெய்யுங்கள். 'கால் வலி' என்று மட்டும் எழுதப்பட்ட கிளினிக் கொப்பி பின்னர் உங்களுக்காகப் பேசாது.

நிலை உறுதிப்பட்ட பிறகு எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நிரந்தர இயலாமை மதிப்பீடு பெறுங்கள். அதில் கால் குட்டையாகியிருந்தால் எத்தனை சென்டிமீற்றர், முழங்காலும் கணுக்காலும் எத்தனை பாகை மடங்குகின்றன, எலும்பு திரும்பியோ வளைந்தோ பொருந்தியிருக்கிறதா, முறிவு மூட்டுக்குள் சென்றிருக்கிறதா என்பவை அளவுகளாக இருக்க வேண்டும். மூட்டுக்குள் சென்ற முறிவு பிற்காலத்தில் மூட்டுத் தேய்வைக் கொண்டுவரக்கூடும். கம்பியைப் பின்னர் அகற்ற வேண்டியிருக்குமா என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள், அது வருங்காலச் சிகிச்சையும் வருங்காலக் கூலி இழப்பும் ஆகும்.

சதவீதத்தைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். காலின் சதவீதம் வேறு, முழு உடலின் சதவீதம் வேறு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியில் ஒரு கால் முழுவதும் முழு உடலின் 40 சதவீதமாகவே கொள்ளப்படுகிறது. அந்த முறையில் காலின் 20 சதவீத இயலாமை உடலின் 8 சதவீதம் ஆகிவிடும். அந்த 8 சதவீதத்தைக் காட்டி, 'உங்கள் உழைப்பில் 8 சதவீதமே குறைந்திருக்கிறது' என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது, மேசன் ஒருவரின் உழைக்கும் ஆற்றலில் அந்தக் கால் எவ்வளவு பங்கை வகிக்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிக்கையே பயனுள்ளது.

சாவகச்சேரி மகள் எழுதியது:

என் அம்மாவை மோட்டார் சைக்கிள் மோதி வலது மணிக்கட்டு முறிந்தபோது, காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்டது சம்பளப் பத்திரத்தைத்தான். அம்மா வீட்டில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். அவருக்குச் சம்பளப் பத்திரம் எப்படி இருக்கும்? வருமானமே இல்லை என்பதுபோல எழுதி, மிகச் சிறிய தொகையைக் குறிப்பிட்டார்கள். அம்மாவின் கைத்தொழிலை அவ்வாறு ஒன்றுமில்லாததாக எழுதியது முறிவைவிட அதிகமாக எங்களுக்கு வலித்தது.

நாங்கள் அம்மாவிடம் தூள் வாங்கும் கடைக்காரர்களிடம் போய் அவர்களுடைய கொப்பியில் இருந்த திகதிகளையும் தொகைகளையும் எடுத்து, அவர்களின் கையொப்பத்தோடு கடிதம் வாங்கினோம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பெற்றோம். அதன் பிறகு பேச்சு வேறு விதமாகப் போனது. நாட்கூலிக்காரருக்கும் இது பொருந்தும். அத்தானுக்கு வேலை கொடுத்தவர்களிடம் நாட்கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். வங்கியில் போட்ட பணம், சீட்டுக் கட்டிய கணக்கு இருந்தால் அவையும் உதவும். வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போன ஓட்டோக் கூலி, வெளியே வாங்கிய மருந்து, ஊன்றுகோல், அவரைப் பராமரிப்பதற்காக வீட்டில் யாராவது வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வையுங்கள்.

இலண்டன் வாசகர் எழுதியது:

உங்கள் அயலவர் சொல்லும் அட்டவணை இங்கிலாந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாக இருக்கலாம். இங்கே நீதிபதிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்று 1992ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. அதில் கை, கால், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தொகை எல்லைகள் உண்டு. ஆனால் அவை வலிக்கும் வசதி இழப்புக்கும் மட்டுமே. கூலி இழப்பும் செலவும் இங்கேயும் தனியாகவே கணிக்கப்படுகின்றன. ஒரே எலும்பின் முறிவுக்குள்ளும், முழுமையாகக் குணமானதா, குறையோடு நின்றதா என்பதை வைத்தே தொகை பெரிதும் மாறுகிறது. வழக்குத் தொடுக்கும் காலம் இங்கே பொதுவாக மூன்று ஆண்டுகள் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது 'இன்னும் காலம் இருக்கிறது' என்று சொன்னால் அதை அங்கே பின்பற்றிவிடாதீர்கள்.

மருதனார்மடத்தான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தில் கையொப்பமிடுவதில்லை என்று அக்காவும் அத்தானும் முடிவு செய்துவிட்டார்கள். இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தில் ஒளிதெறிப்பான் இல்லை. அதைச் சொல்லிச் சாரதி தன்மேல் பிழையில்லை என்கிறார். வீட்டில் பெரியவர்கள் முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டி எண்ணெய்க் கட்டுப் போட வேண்டும் என்கிறார்கள். அது கோரிக்கையைப் பாதிக்குமா? அத்தான் அப்போது ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடமும் ஏதாவது கேட்க முடியுமா?

சட்டத்தரணி, யாழ்ப்பாணம் எழுதியது:

ஒளிதெறிப்பானைப் பற்றி அஞ்ச வேண்டாம். காயமடைந்தவரிடமும் கவனயீனம் இருந்தால் அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படும், முழுவதும் மறுக்கப்படாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. அந்தக் குறைபாடு விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்பதும் பார்க்கப்படும். பகல் வெளிச்சத்தில், பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஏறிய வாகனத்துக்குப் பின்புற ஒளிதெறிப்பான் என்ன செய்திருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. பொலிசார் வரைந்த சம்பவ இட வரைபடமும் அவதானிப்புக் குறிப்பும் இங்கே மிகவும் முக்கியம். நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற்றால் அவற்றையும், சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பதிவையும் பயன்படுத்தலாம். அம்புலன்ஸ் அழைக்கப்பட்ட நேரமும் பதிவில் இருக்கும். விடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு அதுவே பதில் தரக்கூடும்.

பொலிஸ் வழக்குக்காகக் காயத்தைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் பெரிய தொகை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கால்விரல் எலும்பு முறிந்தாலும், பல் உடைந்தாலும்கூட அதே பிரிவுக்குள்தான் வரும். அது சாரதியின் குற்றத்தின் தரத்தைக் காட்டுவது, நட்டஈட்டின் அளவைக் காட்டுவது அன்று. ஆனால், காயம் இந்த விபத்திலேயே ஏற்பட்டது என்பதற்கு அந்த அறிக்கை உறுதியான சான்று. பொலிசார் அதற்குரிய படிவத்தை வழங்கி, பரிசோதனை நடந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

முறிவு நெரிவு வைத்தியத்தின் மீது நம் மக்களுக்கு நெடுங்கால நம்பிக்கை உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் காயமடைந்தவர் தம் இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. கிளினிக்கை இடைநடுவில் விட்டுவிட்டு வேறு சிகிச்சைக்குப் போய், பின்னர் கால் கோணலாகப் பொருந்தினால், அந்தக் கோணலுக்கு வான் காரணமில்லை என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும். உள்ளே கம்பி இருக்கும் காலில் எதைச் செய்வதானாலும் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள். கிளினிக் திகதி ஒன்றையும் தவறவிட வேண்டாம்.

கொந்தராத்துக்காரர் பற்றிய கேள்வி மிகப் பொருத்தமானது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகள் சேர்க்கப்பட்டன. உச்சத் தொகையும் 550,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அந்தச் சட்டத்தில்தான் உண்மையாகவே அட்டவணைகள் இருக்கின்றன. உறுப்பு இழப்புகளுக்குச் சதவீதம் குறிக்கப்பட்டிருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, நிரந்தரமாக இழந்த உழைக்கும் ஆற்றலின் அளவுக்கேற்ப நட்டஈடு கணிக்கப்படும். இங்கே வேலைகொடுத்தவரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டடத் தொழிலையே தொழிலாக நடத்தும் ஒருவரிடம் அவர் வேலை செய்தது உங்களுக்குச் சாதகம். யாரோ ஒருவரின் சொந்த வீட்டில் சில நாள் கூலிக்கு நின்றிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் வழிமுறையைக் கேட்டறியலாம். ஆயினும் ஒரே இழப்புக்கு இரு இடத்தில் முழுத்தொகை பெற முடியாது என்பதால், விண்ணப்பிக்குமுன் சட்டத்தரணி ஒருவரிடம் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இறுதியாகக் காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆகவே, தீர்ப்புக் கிடைத்தால் பணம் வான் உரிமையாளரின் கையிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அது தவறினால் தீர்ப்பு இருந்தும் நிறுவனத்திடம் கேட்க முடியாமல் போகும். வானின் இலக்கத்தையும் காப்புறுதிப் பத்திரத்தின் விபரத்தையும் பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். கட்டணம் செலுத்த வசதியில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்கு முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்றேப் படங்கள், கொந்தராத்துக்காரரின் கூலிக் கடிதம் ஆகியவற்றோடு அக்கா போகலாம். அத்தான் ஊன்றுகோலோடு படியேற வேண்டிய அவசியம் முதல் நாளில் இல்லை.